குறி தப்பிய பெட்டைக் கழுகு

ஆர்லிஸ் ட்வைட் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். மிசிசிப்பி ஆறு உறையத் தொடங்கினாலும் அணைக்குக் கீழே கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். வெண்தலைக் கழுகுகள் மீனுக்கு அங்கேதான் வரும். ஒவ்வொரு குளிர்காலமும் ஆர்லிஸ் வண்டியைக் கரையில் நிறுத்திவிட்டு அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

இடது சிறகில் ஓர் இறகு இல்லாத பெட்டைக் கழுகு ஒன்று அவளுக்குப் பழக்கம். சரிந்து வந்து, கடைசி நொடியில் காலை நீட்டி, நின்று பார்க்காமல் மீனோடு எழும்பிவிடும். அவள் பார்த்தவரை அது குறி தப்பியதில்லை.

இன்று தப்பியது. மீன் ஓரிடம், நகம் வேறிடம். மறுபடியும் அப்படியே. மூன்றாவது தடவையும் தப்ப, தள்ளாடிப் பறந்து பனிக்கட்டி விளிம்பில் உட்கார்ந்துகொண்டது.

"உன் ராணிக்கு என்னை மாதிரி வயசாயிடுச்சு," என்றான் வண்டியில் பக்கத்து இருக்கையில் காபி குடித்துக்கொண்டிருந்த கணவன் டுவேன்.

"உன்னை மாதிரின்னா மீன் இருக்கிற பக்கமே போயிருக்காது."

சொல்லிக்கொண்டே தொலைநோக்கியைத் திருகினாள். இரண்டு சிறகும் தொங்கின. வாலுக்கடியில் பச்சைக் கறை. இதே கோலத்தில் முன்பு ஒன்றைப் பார்த்திருக்கிறாள். தோட்டாவில் இருக்கும் ஈயம் வயிற்றுக்குள் போனால் இப்படித்தான் ஆகும்.

பறவை மருத்துவமனைக்குப் போன் செய்தாள்.

"பறக்குதாங்க?" என்றாள் அங்கிருந்த பெண்.

"பறக்குது. சரியாப் பறக்கலை."

"பறக்கிற வரைக்கும் பிடிக்க முடியாதுங்க. துரத்தினா தண்ணியில விழுந்துடும். பறக்க முடியாம கிடந்தா கூப்பிடுங்க."

"அப்ப பிழைச்சுக்குமா?"

"ரொம்ப முத்திப்போயிருந்தா கஷ்டந்தாங்க."

டுவேன் காபியைக் கீழே வைத்தான். போன வாரம் அவன் மான் சுட்டிருந்தான். தோட்டா துளைத்த குடலைப் புதருக்குள் விடாமல், கழுகுகள் பார்த்துத் தின்னட்டும் என்று வெட்டவெளிக்கு இழுத்துப் போட்டுவிட்டு வந்தான். வீட்டுக்கு வந்து அதைப் பெருமையாக வேறு சொன்னான்.

"அந்தக் குடல்..." என்று ஆரம்பித்தான்.

"ஊர்ல எல்லாருந்தான் போடறாங்க, டுவேன்."

அது ஆறுதலா என்று அவளுக்கே தெரியவில்லை.

பின்னிருக்கையில் பழைய கம்பளி ஒன்று கிடந்தது. கழுகு அங்கேயே சாய்ந்தால் ஓடிப்போய்ப் போர்த்திப் பிடித்துவிடலாம். பறக்காதே, பறக்காதே என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள். ஒரு கழுகைப் பார்த்து அவள் இப்படி வேண்டிக்கொண்டதே இல்லை.

கழுகு எழும்பியது. சிறகு நுனி தண்ணீரில் உரச, நடு ஆற்றுத் தீவுவரை எப்படியோ போய் மரங்களுக்கிடையே விழுந்தது. அங்கே படகும் போகாது. பனிக்கட்டி ஆளையும் தாங்காது.

டுவேன் கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தான்.

"மூடு. குளிருது," என்றாள் ஆர்லிஸ், தொலைநோக்கியை இறக்காமல்.