மிளகாய் மில்லின் மாடியில் மனோவசியம்

எங்காவது மிளகாய் அரைக்கிற நெடி வந்தால் போதும், என் இமைகள் தாமாகக் கனத்துவிடும். ஊரே தும்மும், நான் மட்டும் சொக்கிப் போவேன். பாலக்கோட்டில் ஒரு மாவு மில் வாசலில் நின்றபடியே நான் கண் செருகியதைப் பார்த்து, மில்காரம்மா ஓடிவந்து சோடா உடைத்துக் கொடுத்தார். "சுகரு கிகரு இருக்குதாம்மா ஒனக்கு?" என்றார். சுகர் இல்லை. மிளகாய்தான். அந்தக் காரம் என்னைத் தர்மபுரியில் ஒரு குறுகலான மாடிப்படிக்கு இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. கீழே மிளகாய் மில், மேலே மனோவசிய சிகிச்சை. அப்படி ஓர் அமைப்பை யார் யோசித்தார்களோ, அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன்.

அப்போது நான் தர்மபுரியில் ஒரு டைல்ஸ் கடையில் வேலை பார்த்தேன். விற்பதுதான் வேலை என்று சேர்த்தார்கள். உண்மையில் அங்கே என் வேலை முடிவெடுப்பது. அரூர்ப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வரும், கொத்தனாரையும் கூட்டிக்கொண்டு. பாத்ரூம் சுவருக்கு நீலமா பச்சையா என்று அண்ணனும் தம்பியும் சண்டை போடுவார்கள், மருமகள் உதட்டைச் சுழிப்பாள், கொத்தனார் எதையும் பார்க்காமல் தலையாட்டுவார். கடைசியில் அத்தனை முகங்களும் வெயில் பக்கம் திரும்பும் பூக்களைப் போல என் பக்கம் திரும்பும். "நீங்களே ஒன்னு சொல்லிருங்க மேடம். ஒங்க வூடா நெனச்சிக்கிங்க." நான் நினைத்துக்கொள்வேன். அப்படி நினைத்து நினைத்து, மாவட்டம் முழுக்க எனக்கு வீடுகள். என் சொந்த வீட்டில் மட்டும் இன்னும் சிமெண்ட் தரை. எந்த டைல்ஸ் என்று கேட்டால் எனக்குத் தலை சுற்றியது.

மாரண்டஹள்ளிக்கு பஸ் ஏறி வீடு வந்தால் வாசலிலேயே அவர் நிற்பார், என் வீட்டுக்காரர். கையில் ஒரு தக்காளி. "இத பாரு. நாளைக்கிப் பறிக்கலாமா, ரெண்டு நாளு விடலாமா? பாலக்கோடு மண்டிக்கா, ராயக்கோட்டைக்கா?" பயிரிடுவது அவர், தண்ணீர் கட்டுவது அவர், இரவில் பன்றி விரட்டுவது அவர். தக்காளியின் தலைவிதி மட்டும் என் கையில். கோயம்புத்தூரில் படிக்கும் மகள் போனில் ரெண்டு சுடிதார் படம் அனுப்பி, "மா, இதுவா அதுவா, சீக்கிரம், கடைக்காரர் மொறைக்கிறாரு" என்பாள். எங்கள் மாதா கோயிலில் அன்பியம் என்று தெருவுக்கொரு ஜெபக்குழு உண்டு; அந்தப் பெண்கள் பங்குத் திருவிழாவுக்கு ஒரே நிறத்தில் சேலை எடுக்க வேண்டும் என்று கூடிப் பேசுவார்கள். பேசி முடித்து, நிறத்தை என்னிடம் விட்டுவிடுவார்கள். கடையில் கலர் பார்க்கிறவள் அல்லவா.

இந்த நேரத்தில்தான் முதலாளி கூப்பிட்டார். ஓசூரில் கிளை திறக்கிறாராம். "மேனேஜரா நீங்க வர்றீங்களா மேடம்? ஞாயித்துக்கெழமைக்குள்ள சொல்லுங்க. இல்லன்னா வேற ஆளப் பாக்கணும்."

எத்தனையோ வருடங்களில் என்னைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட முதல் கேள்வி அது. தேடிப் பார்த்தால் உள்ளே பதில் இல்லை. கல்யாண வீட்டில் எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருகிறவளுக்கு மிஞ்சும் காலி அண்டா மாதிரி, கரண்டி போட்டால் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு ஓசூர் வேண்டுமா வேண்டாமா? தெரியவில்லை. அவரிடம் சொன்னேன். தக்காளிக்கு என்னைக் கேட்கிற மனுஷன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "ஒன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார். இந்த உலகத்தில் அதைவிடப் பாரமான இரண்டு சொற்களை நான் கேட்டதில்லை.

மறுநாள் பஸ் நிலையத்தின் எதிரே டீக்கடையில் மாஸ்டர் கேட்டார்: "டீயா, காபியாக்கா?" நான் அழுதுவிட்டேன். சும்மா கண் கலங்கவில்லை. மூக்கைச் சிந்தி, பெஞ்சில் உட்கார்ந்து, ஒழுங்காக அழுதேன். மாஸ்டர் பயந்துபோய் ரெண்டையும் போட்டுக் கொடுத்தார்.

என்னோடு வந்திருந்த எங்கள் கடை பில்லிங் பெண்தான் அந்த மாடியைச் சொன்னாள். சேலத்திலிருந்து ஒருவர் வாரக் கடைசியில் வருகிறார், ஹிப்னோதெரபியாம், அவள் மாமாவுக்குச் சிகரெட் விட்டுப்போனதாம். துணைக்கு ஒருவர் கட்டாயம் வரவேண்டுமாம். வீட்டுக்காரரிடம் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "மயக்கிட்டு நகையக் கழட்டிக்கிட்டா?" என்றார். என் கழுத்தில் கிடந்த மெல்லிய சங்கிலியைக் காவல் காக்கத்தான் அன்று என்னோடு படியேறினார். சட்டைப்பையில் ஜெபமாலை வேறு.

சிகிச்சைக்காரர் மெலிந்த மனிதர். பஞ்சில் சுற்றிவைத்த குரல். "இது தூக்கம் இல்லைங்க. நான் பேசறது எல்லாம் உங்களுக்குக் கேக்கும். உங்களுக்கு விருப்பம் இல்லாத எதையும் நீங்க சொல்ல மாட்டீங்க, செய்ய மாட்டீங்க. உங்களுக்காக நான் முடிவும் எடுத்துத் தர மாட்டேன். மனசு ஓயாம இதுவா அதுவான்னு பொறுக்கிக்கிட்டே இருந்தா களைச்சுப் போகும். அந்தக் களைப்பக் கொஞ்சம் எறக்கி வைக்கலாம். அவ்வளவுதான்."

சாய்வு நாற்காலியில் கண்ணை மூடினேன். வீட்டுக்காரர் மூலையில், ஸ்டூலில். சிகிச்சைக்காரர் மூச்சை இழுத்து விடச் சொன்னார். கைகால் தளரச் சொன்னார். எல்லாம் நன்றாகத்தான் போனது.

"இப்ப உங்களுக்கு ரொம்பப் புடிச்ச ஒரு எடத்த நெனச்சுக்குங்க."

எனக்கு வியர்த்தது. "நீங்களே ஒன்னு சொல்லிருங்க சார்."

"சரி. கடற்கரை."

"கடலு ரொம்ப தூரங்களே."

"அப்ப ஒரு மாடிப்படி. நீங்க மெதுவா எறங்குறீங்க."

இறங்கினேன். முதல் படியிலேயே நின்றுவிட்டேன். வழவழப்பான டைல்ஸ், மழைக்காலத்தில் வழுக்கும். யார் இதைப் படிக்குப் போட்டது? சொரசொரப்பானதல்லவா போட வேண்டும்? மனசுக்குள் டைல்ஸ் மாற்றி முடிப்பதற்குள் அவர் என்னைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். "உங்க கையில நெறைய சொமை இருக்குது. ஒன்னொன்னா தரையில வைங்க. யாரும் உங்களத் திட்ட மாட்டாங்க."

அங்கேதான் ஏதோ நடந்தது. கை நிறைய சாம்பிள் டைல்ஸ் அடுக்கியிருந்தேன், மோவாய் வரைக்கும். நீலத்தை வைத்தேன். பச்சையை வைத்தேன். அன்பியத்துச் சேலை, சுடிதார் ரெண்டு, தக்காளிக் கூடை. ஒவ்வொன்றும் தரையைத் தொடும்போது தோளில் ஒரு நரம்பு அவிழ்ந்தது. எனக்கு இத்தனை நரம்புகள் இருந்தன என்பதே அன்றுதான் தெரியும். கடைசியில் கையில் ஒன்றே ஒன்று. திருப்பிப் பார்த்தால் ஓசூர். எடையே இல்லை அதற்கு.

அந்த நேரம் பார்த்துக் கீழே மில் ஓடத் தொடங்கியது.

மிளகாய். குண்டு மிளகாயாகத்தான் இருக்க வேண்டும். படியேறி, கதவிடுக்கில் நுழைந்து, நேராக என் மூக்குக்கு வந்தது. தும்மினால் எல்லாம் கலைந்துவிடும் என்று நான் அடக்கினேன். அடக்கிய தும்மல் உடம்புக்குள் சுற்றியது. தோள் குலுங்கியது. தலை இடதும் வலதுமாக ஆடியது. தொண்டையிலிருந்து "ஹ்ஹூம்" என்று ஓர் உறுமல் புறப்பட்டது.

எங்கள் வேதக் கோயிலில் அருள் வந்து ஆடும் வழக்கமில்லை. ஆனால் வீட்டுக்காரர் வளர்ந்த தெருவின் அடுத்த தெரு மாரியம்மனுடையது. பண்டிகையில் கண்ணை மூடி, தலையாட்டி, ஒரு பெண் உறுமினால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். ஸ்டூல் உருளும் சத்தம் கேட்டது.

"ஆத்தா!" என்றார் என் வீட்டுக்காரர். பிறகு ஜெபமாலை ஞாபகம் வந்திருக்க வேண்டும். "மாதாவே... யாரா இருந்தாலும் சரிங்க. வந்துட்டீங்க. ஒரு வாக்கு சொல்லிட்டுப் போங்க."

இருபது வருடத்துக்கு மேலான தாம்பத்தியத்தில் என்னை அவர் 'ங்க' போட்டது அன்றுதான்.

"சார், சார், உக்காருங்க. இது கோயில் இல்ல," என்று சிகிச்சைக்காரரின் பஞ்சுக்குரல் கிழிந்தது.

"சும்மா இருங்க நீங்க. தக்காளிய எப்ப பறிக்கட்டும், ஆத்தா?"

இப்போதுதான் இறக்கிவைத்த கூடை. நான் வாயைத் திறக்கவில்லை. கதவு திறந்தது. வெளியே முறைக்குக் காத்திருந்த ஒரு பெண்மணி, சத்தம் கேட்டு உள்ளே வந்துவிட்டிருந்தார். "எனக்கும் ஒரு வாக்கு சொல்லு தாயி! எம் பொண்ணுக்கு அரூரு மாப்பிள்ளயா, சேலத்து மாப்பிள்ளயா?"

பழக்கதோஷத்தில் அரூர் என்று சொல்ல நாக்கு எழுந்தது. பிடித்து நிறுத்தினேன். "ஒம் பொண்ணக் கேளு," என்றேன், அடக்கிய தும்மலின் கனத்த குரலில். அந்தம்மா கன்னத்தில் போட்டுக்கொள்ளும் சத்தம் பட்பட்டென்று கேட்டது.

"தக்காளி கெடக்குது, வுடு," என்றார் வீட்டுக்காரர். குரல் இறங்கிவிட்டது. "இவ ஓசூருக்குப் போவாளா, மாட்டாளா? நான் அவகிட்ட கேக்கல ஆத்தா. கேட்டா போறேன்னு சொல்லிருவாளோன்னு பயமா இருக்குது. போவலன்னு சொன்னா என்னாலதான் போவலயோன்னு ஆயிரும். அதான் ஒன் இஷ்டம்னு சொல்லிட்டு ஓடியாந்துட்டேன்."

மில் அரைத்துக்கொண்டிருந்தது. மூடிய இமைக்குள் எனக்குக் கண்ணீர் கோத்தது. மிளகாய் பாதி, இந்த மனுஷன் பாதி. கையிலிருந்த அந்த ஒற்றைப் பொருளைப் பார்த்தேன். பதில் அங்கேதான் இருந்தது, இத்தனை நாளும் சரக்குக்கு அடியில்.

"போவா," என்றேன்.

"தெனமும் திரும்பி வந்துருவாளா?"

"பஸ்ஸு இருக்குது. வந்துருவா."

"அப்ப வூட்ட யாரு பாக்கறது, ஆத்தா?"

"நீதான்டா!" என்று சொல்லி முடித்ததும் அந்தத் தும்மல் வந்துவிட்டது. வாழ்க்கையில் அப்படி ஒரு தும்மல் நான் தும்மியதில்லை. நாலு பேரும் தொடர்ந்து தும்மினோம். கடைசியாகத் தும்மி முடித்தவர் சிகிச்சைக்காரர்தான்.

படியிறங்கி வந்தோம். வண்டியை எடுக்கும்போது வீட்டுக்காரர் கேட்டார்.

"ஒனக்கு ஏதாச்சும் ஞாபகம் இருக்குதா?"

"எல்லாமே கேட்டுச்சிங்க."

"அப்ப ஆத்தா வரலயா?"

"நாந்தான்."

"போவான்னு சொன்னது?"

"நாந்தான்."

"டா போட்டது?"

"அதுவும்."

கொஞ்ச நேரம் ஹேண்டில்பாரைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைக்க ஒன்றுமில்லாவிட்டாலும். "சரி," என்றார். "யாரு சொன்னா என்ன. வாக்கு வாக்குதான். ஏறு."

அதற்குப் பிறகும் சிலமுறை அந்த மாடிக்குப் போனேன், தனியாக. இனித் துணை வேண்டாம் என்று சிகிச்சைக்காரரே கும்பிடு போட்டுச் சொல்லிவிட்டார். சுமையைத் தரையில் வைக்கிற அந்த வித்தை மெல்லக் கைக்கு வந்தது. இப்போதும் யாராவது 'நீங்களே சொல்லுங்க' என்றால், ஒரு மூச்சு இழுத்து, எது என்னுடையது என்று பார்க்கிறேன். பெரும்பாலும் எதுவும் என்னுடையது இல்லை. சேலை நிறத்தை அன்பியம் சீட்டுக் குலுக்கி எடுத்துக்கொண்டது. அது ஒரு பயங்கரமான ஆரஞ்சு. நானும் கட்டிக்கொண்டு, மகிழ்ச்சியாகப் பவனி போனேன்.

ஓசூர்க் கிளையில் எனக்கு முதல் நாள். மாரண்டஹள்ளி நிறுத்தத்தில் அவர் இறக்கிவிட்டார். நான் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும், கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

"சாயங்காலம் எந்த பஸ்ஸுல வருவ?"

"தெரியலீங்க."

"தெரியலயா? ஒனக்கா?"

"ஆமாங்க. எது வருதோ, அதுல வர்றேன்."