மஞ்சள் மாத்திரையும் வெள்ளை மாத்திரையும்

அரசாங்க மருத்துவமனையில் மருந்தாளர் வேலை கிடைத்ததும் உறவுக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். பென்ஷன் வரும், மாப்பிள்ளை வீட்டார் வரிசையில் நிற்பார்கள் என்றார்கள். ஐந்து வருடமாக நான் ஒப்பந்த ஊழியர்தான், இரண்டும் வந்தபாடில்லை. வீடு புந்தோங்கில், வேலை அங்கிருந்து தொலைவில், தெற்குப் பேராக்கில் ஒரு சின்ன மருத்துவமனையில். நான்கு வருடம் பல்கலைக்கழகத்தில் படித்தது கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து, “மிஸ்ஸி, இன்னும் எவ்ளோ நேரம்லா?” என்ற கேள்விக்குப் பதில் சொல்லத்தான். மிஸ்ஸி என்றால் நர்ஸ். நான் நர்ஸ் இல்லை என்று திருத்துவதை எப்போதோ விட்டுவிட்டேன்.

நல்லதே இல்லை என்று சொன்னால் அது பொய். வெளியே வாங்க வக்கில்லாதவருக்கும் இங்கே மாதக்கணக்கில் மருந்து கிடைக்கிறது. அது எனக்குப் பிடிக்கும். பிடிக்காதது எங்கள் மேலதிகாரி. ஒருநாள்கூடக் கவுண்டரில் உட்காராத மனுஷன். யார் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள் என்பது சுவரில் உள்ள திரையில் ஓடும். நேரம் கடந்தால் எண்கள் சிவக்கும், கூடவே அவர் முகமும் சிவக்கும். கவுண்டரில் கதை பேசாதீர்கள் என்பது அவருடைய தினசரி மந்திரம்.

ஒரு திங்கட்கிழமை வந்தவர் சுங்காய்ப் பக்கம் தோட்டத்தில் இருக்கும் அண்ணன் ஒருவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்ட பிறகும் அங்கேயே தங்கிவிட்டவர். மருந்தின் பெயரெல்லாம் தெரியாது; இனிப்புநீருக்கு, அதாவது சர்க்கரை நோய்க்கு, மஞ்சள்; ரத்த அழுத்தத்துக்குச் சிவப்பு, அவ்வளவுதான். அந்த மாதம் சப்ளை செய்யும் கம்பெனி மாறி, அதே இனிப்புநீர் மருந்து வெள்ளை நிறத்தில் வந்திருந்தது. வீட்டில் மிச்சமிருக்கும் மஞ்சளை இனிமேல் சாப்பிடக் கூடாது என்று சொல்லப் பத்து விநாடி போதும். திரை சிவந்திருந்தது. நான் பையைத் தள்ளிவிட்டு, “வெள்ளை காலையில ஒன்னுண்ணே” என்றேன். அடுத்த எண்ணை அழைத்துவிட்டேன்.

ஒரு வாரத்தில் அவர் வார்டில் கிடந்தார். காலையில் குளியலறை வாசலில் வியர்த்து விழுந்து கிடந்தாராம், சர்க்கரை அவ்வளவு இறங்கியிருந்தது. மருந்தைச் சரிபார்க்க என்னைத்தான் அனுப்பினார்கள். அவர் மனைவி பிஸ்கட் டின்னோடு வந்திருந்தார். உள்ளே மஞ்சளும் வெள்ளையும் கலந்து கிடந்தன.

“ரெண்டையுமாண்ணே சாப்பிட்டீங்க?”

“ஆமா. டாக்டர் புதுசா ஒன்னு சேத்திருக்காருன்னு நெனச்சேன். ஒரு நாளும் விடல மிஸ்ஸி.”

“நீங்க கவுண்டர்ல இருந்தா இவருக்குச் சந்தோஷம்,” என்றார் மனைவி. “தமிழ்ல நல்லா வெளக்கிச் சொல்வாங்கன்னு சொல்வாரு.”

எனக்கு அந்த அண்ணன் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது. கீழே வந்ததும் மேலதிகாரி ஒரு பாரத்தை, மருந்துத் தவறு பற்றிய படிவத்தை, நீட்டினார். தவறுக்குக் காரணம் என்ற இடத்தில், நோயாளி விளக்கத்தைப் புரிந்துகொள்ளவில்லை என்று எழுதச் சொன்னார். அவரை வாய்க்கு வந்தபடி திட்ட எனக்குத் தெரியும். ஆனால், அவர் சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.