கிளிக்கு ஒரு ஸ்பொன்சர் போம்

ரொறன்ரோவில் அது எங்களுக்கு மூன்றாவது குளிர்காலம். காலையில் மீன் பொரித்தேன். மணத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் முறைப்பார் என்று ஜன்னலைத் திறந்துவிட்டேன். மூட மறந்து, மகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது ஜன்னலோரக் கூட்டுக்குள் எங்கள் பச்சைக்கிளி விறைத்துக் கிடந்தது.

மகள் வருமுன் அதைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட்டேன். ஐந்து வயதுப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது?

“குளிர் தாங்கேலாமல் கிளி யாழ்ப்பாணத்துக்குப் பறந்திட்டுது பிள்ளை” என்றேன்.

அவள் அழவில்லை. மேசை லாச்சியைத் திறந்தாள். என் தம்பியைக் கனடாவுக்குக் கூப்பிட நிரப்பிய ஸ்பொன்சர் விண்ணப்பப் போம்களில் மிஞ்சிக்கிடந்த ஒன்றையும் பேனையையும் எடுத்து வந்து நீட்டினாள்.

“சித்தப்பாக்கு எழுதினமாதிரி கிளிக்கும் எழுதுங்கோ அப்பா. அது திரும்பி வரட்டும்.”

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“கிளி செத்துப்போச்சம்மா. ஜன்னலைத் திறந்துவிட்டது நான்தான்.”

நெடுநேரம் விம்மினாள். பிறகு அந்தப் போமைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்:

“அப்ப சித்தப்பா? அவர் உண்மையா யாழ்ப்பாணத்திலதானோ இருக்கிறார்?”

ஊரில் சண்டை நடந்துகொண்டிருந்தது. தம்பியிடமிருந்து கடைசிக் கடிதம் வந்து எட்டு மாதமாகியிருந்தது. ‘ஓம்’ என்று சொல்ல வாயெடுத்தேன். அத்தனை மாதமும் அந்த ‘ஓம்’ஐ எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் விளங்கியது.