ஆளுக்குப் பாதி அட்டை

கூட்டுறவுச் சங்கச் செயலராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். விதியெல்லாம் மனப்பாடம், பென்ஷன்தான் கிடையாது. சர்க்கரை மாத்திரை மறுபடி விலை ஏறியிருந்தது. கையிலிருந்த பணத்துக்குப் பத்து மாத்திரை அட்டையில் ஐந்துதான் வாங்க முடியும்.

"அட்டையை வெட்டித் தர முடியாது சார்" என்றார் சீர்காழி மருந்துக்கடைக்காரர். எந்த விதிப்படி என்று கால் மணி நேரம் வாதாடினேன். அவர் அசையவில்லை.

பின்னால் நின்ற மீன்கார அம்மா கூடையை இறக்கினார். "நீங்க சட்டம் பேசி முடிக்கிறதுக்குள்ள என் மீனு கருவாடாயிடும் சார். எனக்கும் அதே மாத்திரைதான். ஆளுக்குப் பாதி எடுத்துக்குவோம்." சேர்ந்து வாங்கிய அட்டையை வெட்டி, காலாவதித் தேதி இருந்த பாதியை என்னிடமே தந்தார். "படிக்கிறவங்க வெச்சுக்குங்க."

வெட்கமாக இருந்தது. பக்கத்தில் நிற்பவரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லையே.

இப்போது ஐந்து நாளுக்கொரு முறை அங்கே சந்திக்கிறோம். வெட்கம் போய்விட்டது, கோபம் போகவில்லை. அந்தக் கடைக்கு நாங்கள் இருவரும் சேர்ந்துதான் ஒரு நோயாளி.