குக்கர் விசிலுக்குப் பயந்த டிரைவர்

ஊய்ங், ஊய்ங்... எங்கள் தொழிலில் வண்டிக்கு முன்னால் சத்தம் போய்ச் சேர்ந்துவிடும். ட்யூட்டி முடிந்து நாம் இறங்கினாலும் அது இறங்காது. ஆம்புலன்ஸில் நைட் பார்க்கிற உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அணைத்த பிறகு

காடாம்புலியூர் முந்திரித் தோப்பில் பாம்பு கடித்தவரைக் கடலூரில் சேர்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தோம். சைரனை அணைத்தாச்சு. என் காதில் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. வண்டியில் முதலுதவி பார்க்கும் செல்வத்திடம் அணைத்தோமா, அணைத்தோமா என்று நச்சரித்தேன். அவன் சுவிட்சைத் தொட்டுக் காட்டினான்.

"மச்சான், இது ஆஃப்லதான் இருக்கு. உன் மண்டையில சுவிட்ச் எங்கன்னு சொல்லு, அதையும் அமுத்திடுறேன்."

வழிவிடாத மினி பஸ்

லீவு நாள். குமராட்சியில் ஒரு மஞ்சள் நீராட்டுக்கு மனைவியோடு மொபெட்டில் போனேன். முன்னால் மினி பஸ், ஆடி அசைந்து போனது. பின்னால் ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கிற மாதிரி, ஹாரனை அமுக்கியபடியே வயல் ஓரமாக இறக்கி முந்தினேன். மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டு, நிதானமாகச் சொன்னாள்.

"பின்னாடி நான்தான் உக்காந்திருக்கேன். நல்லாத்தான் இருக்கேன். மெதுவா போங்க."

ஒரு விசில்

பகலில் தூங்கும்போது குக்கர் விசில் அடித்தால் போதும், லுங்கியோடு தெருவுக்கு ஓடி வண்டியைத் தேடுவேன். மனைவி குக்கரைப் பரணில் போட்டுவிட்டுச் சட்டியில் பருப்பு வேகவைத்தாள். டாக்டரிடம் போகச் சொல்லி மன்றாடினாள். எனக்கோ பயம். ஆபீஸுக்குத் தெரிந்தால் சாவியை வாங்கிவிடுவார்கள். வேறு வேலை தெரியாது.

கடைசியில் சிதம்பரத்தில் மனநல டாக்டரைப் பார்க்கப் போனேன். யாரும் பார்க்கக் கூடாதென்று தலையில் துண்டு. எனக்கு முன்னால் இன்னொரு துண்டு. திரும்பினால், செல்வம்! இரண்டு பேரும் துண்டை இறக்கினோம். அப்புறம் அவன்தான் ஆரம்பித்தான்.

"உனக்கு சத்தம் அடங்க மாட்டேங்குது. எனக்கு சத்தம் இல்லன்னா தூக்கமே வர்றதில்ல மச்சான். டிவியப் போட்டுட்டுத்தான் படுக்குறேன்."

எனக்குக் கொடுத்த மாத்திரை தூக்கம் வரவைக்கும். ஒரு மாதம் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, ஆபீஸில் சொல்லியே ஆக வேண்டும் என்றார் டாக்டர். செல்வம் துணைக்கு வந்தான். மேலதிகாரி கை நீட்டினார், சாவியைக் கொடுத்தேன். திரும்பக் கிடைக்குமா, தெரியாது.

ஊரில் யார் கூப்பிட்டாலும் பறந்து போய் ஆஸ்பத்திரியில் சேர்த்த நாங்கள், எங்களைக் கொண்டுபோய்ச் சேர்க்க மட்டும் மூன்று வருஷம் எடுத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்து குக்கரைப் பரணிலிருந்து இறக்கினேன். தூசி போகக் கழுவி, பருப்பைப் போட்டு அடுப்பில் ஏற்றினேன்.