டிரம் இல்லாத பாட்டு

என் வீட்டுக்காரருக்கு மூக்கு நுனியில் கோபம். ஆனால் மெஷின்களிடம் அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. வீடியோ கேம் கூடத்தில் அவர் மெக்கானிக். நான் வாசலோரக் கவுன்ட்டரில் டோக்கன் கொடுப்பவள். காதில் எப்போதும் ஸ்க்ரூடிரைவர் செருகியிருப்பதால் எல்லோருக்கும் அவர் ‘ஸ்க்ரூ அண்ணன்’. அதோடு ‘லூஸ்’ என்று சேர்த்துச் சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான்.

இருக்கிற மெஷின்களில் அவருக்கு உயிர், மூலையில் நின்ற பழைய துப்பாக்கி ஆட்டம். நாலு பேர் கொண்ட ராக் இசைக்குழு ஒன்று மேடையில் வாசித்துக்கொண்டிருக்கும். முகமூடிக்காரர்கள் மேடையேறி வருவார்கள். அவர்களை மட்டும் சுட வேண்டும். தவறி வாசிப்பவர் மேல் குண்டு பட்டால் அவர் சாய்ந்துவிடுவார், அவருடைய வாத்தியம் பிறகு ஒலிக்காது. டிரம் வாசிப்பவர் பாடுதான் பாவம். அவரை ஒட்டி இரண்டு பக்கமும் முகமூடிகள் எழும். நூலளவு பிசகினாலும் குண்டு அவர்மேல்தான். நாலு பேரும் தப்பித்தால் முழுப் பாட்டையும் கேட்கலாம்.

நான் அந்த மெஷினுக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்திருப்பேன். பதினான்கு வருடமாக அதே பாட்டு. யார் சாய்ந்தார், யார் பிழைத்தார் என்று திரும்பாமலே சொல்வேன்.

மெஷினுக்கு ஞாபக மறதி. உள்ளே இருந்த பேட்டரி செத்துப்போய், அந்த வகை எங்கும் கிடைக்கவில்லை. சுவிட்சை அணைத்தால் துப்பாக்கியின் குறி அழிந்துவிடும். அதனால் தினமும் காலையில் அவர்தான் அதற்குக் குறி வைப்பார். திரையில் ஐந்து கூட்டல் குறிகள் வரும். இடது கண்ணை மூடி, மூச்சைப் பிடித்து, ஒவ்வொன்றாகச் சுடுவார். அவர் எதை நேர் என்று நினைத்துச் சுடுகிறாரோ அதையே மெஷினும் நேர் என்று எடுத்துக்கொள்ளும். வேறு யாரையும் அதில் கைவைக்க விடமாட்டார்.

போன வருடம் ஆட வருகிறவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். துப்பாக்கி ஒருபக்கம் இழுக்கிறதாம். இவர் உடனே போய் ஓர் ஆட்டம் ஆடிக் காட்டுவார். நாலு பேரும் தப்பிப்பார்கள். “பாத்தீங்களா? கோளாறு துப்பாக்கில இல்ல, பிடிக்கிற கையில” என்பார்.

ஒருநாள் தையல்காரர் மாட்டிக்கொண்டார். பக்கத்துத் தெருவில் கடை. சாப்பாட்டு நேரத்தில் தினமும் ஓர் ஆட்டம், பத்து வருடப் பழக்கம். அன்று டிரம் வாசிப்பவரை மூன்றாவது முறையாகச் சாய்த்துவிட்டு, “அண்ணே, குறி கொஞ்சம் இடப்பக்கம் போகுதுண்ணே” என்றார்.

“குறி போகல, உனக்குக் கண்ணு போயிருச்சு. கையும் நடுங்குது. ஊசியில நூல் கோக்க முடியுதா, இல்ல அதுக்கும் ஆள் வெச்சிருக்கியா?”

நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், மறைப்பானேன். தையல்காரர் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டு வெளியே போனார். பிறகு வரவே இல்லை.

ஒரு மத்தியானம் டோக்கன்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பாட்டு வழக்கம்போல டிரம் இல்லாமல் முடிந்தது. வழக்கம்போலவா? எப்போதிலிருந்து இது வழக்கம்? யார் ஆடினாலும் டிரம் பாதியில் நின்றுவிடுகிறது. கடைசிவரை அது ஒலிப்பது இவர் ஆடும்போது மட்டும்தான்.

வீட்டில் நடந்ததெல்லாம் ஞாபகம் வந்தது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டது, பூட்டில் சாவி நுழையாமல் தடவியது, டம்ளருக்கு வெளியே தண்ணீர் ஊற்றியது. ஒவ்வொன்றுக்கும் வாய்க்கு வந்தபடி திட்டியிருக்கிறேன்.

மறுநாள் காலை அவர் உதிரிப் பாகம் வாங்கப் போன நேரத்தில், அந்த ஐந்து குறிகளையும் நானே சுட்டேன். வந்ததும் கண்டுபிடித்துவிட்டார்.

“யாரு இதத் தொட்டது?”

“நான்தாங்க. ஒரு ஆட்டம் ஆடுங்க.”

ஆடினார். முதல் நிமிடத்திலேயே டிரம் நின்றது. “கெடுத்து வெச்சிருக்க” என்று கத்தினார். நான் துப்பாக்கியை வாங்கி ஆடினேன். வேகம் போதாமல் முகமூடிகளில் பாதியைக் கோட்டைவிட்டேன். ஆனால் நான் குறி வைத்தவன்மேல்தான் குண்டு பட்டது. டிரம் கடைசிவரை ஒலித்தது. அவர் மறுபடி வாங்கிச் சுட்டார். டிரம் நின்றது. துப்பாக்கியை மெல்ல அதன் இடத்தில் வைத்தார்.

“எத்தன மாசமா?”

“ஆறு மாசம் இருக்கும்ங்க.”

“எனக்குச் சந்தேகம் வரும்போதெல்லாம் இதுலதான் வந்து சுட்டுப் பாப்பேன். சரியாவே விழும். அப்போ கண்ணு நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சுக்குவேன்.”

அழுகை வந்துவிட்டது எனக்கு. அவர் அழவில்லை.

வலது கண்ணின் நடுப்பகுதி கெட்டுவிட்டது, போன பார்வை திரும்பாது என்றார் டாக்டர். இடது கண்ணிலும் தொடங்கியிருந்தது. உடனே ஊசி போட ஆரம்பித்ததால் அது தங்கும் என்றார். இப்போது குறி வைப்பது நான். கூடத்தில் கேட்டவர்களிடம் “துப்பாக்கியில ஒரு கோளாறு, சரி பண்ணியாச்சு” என்று சொல்லி முடித்துவிட்டார். நானும் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆனால் அவருக்கே அது உறுத்தியிருக்க வேண்டும். ஒரு மத்தியானம் என்னையும் கூட்டிக்கொண்டு தையல்காரர் கடைக்கு நடந்தார். தையல்காரர் புதிதாகக் கண்ணாடி போட்டிருந்தார். மேஜைமேல் பழைய பேண்ட்டுகள், ஜிப்புகள், பொத்தான் டப்பா. பெரிய கத்திரி சுவரில் ஆணியில் தொங்கியது.

“புதுத் துணி எதையும் காணோமே?” என்று கேட்டார் இவர்.

“வெட்டுற வேலைய விட்டுட்டேண்ணே. ஒட்டுப்போடறது, ஜிப் மாத்துறது மட்டுந்தான். கண்ணு போச்சுன்னு நீங்கதான மொதல்ல சொன்னீங்க. ஊராங்க துணிய வீணாக்கிட்டா என்ன பண்றது?”

இவர் அந்தக் கத்திரியை ஆணியிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார்.

“போனது என் கண்ணுப்பா. உன்னுது இல்ல. நான் கோணலா வெச்ச குறியில நீ நேராத்தான் சுட்டிருக்க.”

தையல்காரர் என்னைப் பார்த்தார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

“எனக்கு ஒரு சட்ட வேணும். புதுத் துணியில, நீயே வெட்டணும்” என்று சொல்லி, இவர் இரண்டு கைகளையும் அகட்டிக்கொண்டு நின்றார்.

தையல்காரர் கழுத்திலிருந்த டேப்பை எடுத்து அவர் தோளில் வைத்தார். இந்தப் பத்து வருடத்தில் அந்தக் கை நடுங்கி நான் பார்த்தது அன்றுதான்.