ரோஸ்லின் அளந்து கொடுத்தாள்

ரோஸ்லின் போய்விட்டாள் என்று அவள் தம்பி போனில் சொன்னபோது நான் குன்னத்தூர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லி அவனை மறுபடியும் சொல்ல வைத்தேன். உண்மையில் முதல் தடவையே கேட்டுவிட்டது. அடுத்த நிறுத்தத்தில் இறங்கி, எந்த ஊர் என்று தெரியாத ஓர் ஊரின் டீக்கடையில் உட்கார்ந்தேன். "டீ போடட்டுங்களா?" என்று கடைக்காரர் கேட்டதற்குத் தலையாட்டினேன். ஆறிப்போன டீயை அப்படியே வைத்துவிட்டு வீடு திரும்பினேன்.

எங்கள் பிரிண்டிங் யூனிட்டின் டிசைன் ரூமில் வேலை பார்த்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். இன்று ஆளுக்கொரு பக்கமாக இருக்கிறீர்கள். அவளை 'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் முதலில் நினைத்தேன். படித்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். எங்கள் பக்கத்துப் பேச்சே அவளுக்குக் கேலிதான். "ஒங்க ஊர்ல நாயைக்கூட வாங்கன்னுதாம்ல கூப்பிடுதீங்க" என்பாள்.

அவள் குடும்பம் சாத்தான்குளம் பக்கமிருந்து பனியன் வேலைக்கு வந்தது. அப்பா செக்கிங்கில், அம்மா பிசிர் வெட்டுவதில் இருந்தார்கள். மகள் கம்ப்யூட்டர் படித்துவிட்டு, எங்கள் யூனிட்டின் கம்ப்யூட்டர்கள் எல்லாவற்றுக்கும் பொறுப்பாக வந்து சேர்ந்தாள். நான் தறிக்காரக் குடும்பத்துப் பெண். கிருத்திகைக்குக் கவிச்சி கூடாது. அந்த நாள் எனக்கு மறந்தாலும் அவளுக்கு மறக்காது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறவள், முருகனுக்காகத் தன் மீன் டப்பாவை ஜன்னல் ஓரம் தள்ளி வைத்துச் சாப்பிடுவாள்.

குழந்தைகள் சட்டைக்குப் படம் அச்சடிப்பதுதான் எங்கள் வேலை. ஒரு படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, நிறத்துக்கு ஒரு ஃபிலிம் எடுக்க வேண்டும். அந்த ஃபைல்கள் யானைக்குட்டி கனம் இருக்கும். அதையெல்லாம் ஒரே இடத்தில் வைப்பதற்கென்று முதலாளி பெரிய சர்வர் ஒன்று வாங்கிப்போட்டார். வந்த நாளிலிருந்து அது எங்கள் உயிரை எடுத்தது. சின்ன ஃபைல் உடனே போகும். பெரிய ஃபைலை சேவ் கொடுத்தால் பாதியில் நின்றுவிடும். ஃபிலிம் எடுக்கும் பழனிச்சாமி அண்ணன், "சர்வர்ல இருந்து எடுத்தா பாதிப் படந்தானுங்க வருது" என்று கைவிரித்துவிட்டார்.

டிசைன் ரூம் இதற்கு ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தது. அவரவர் மிஷினிலேயே ஃபைலை வைத்துக்கொண்டு, பென்டிரைவில் போட்டு அண்ணன் கையில் கொடுத்துவிடுவோம். ஒரே படம் 'ஃபைனல்', 'ஃபைனல் ஓகே', 'புது ஃபைனல்' என்று பல பெயர்களில் சுற்றியது. ஒருநாள் அது எங்களைக் கவிழ்த்தது. ஒரு படத்தில் வாத்துக்கு ஆரஞ்சு மூக்கு வேண்டும் என்று ஆர்டர் கொடுத்த பையர் மாற்றச் சொல்லி, மாற்றியும் வைத்திருந்தோம். அண்ணன் கைக்குப் போனது பழைய பென்டிரைவ். சாம்பிள் முழுக்க நீல மூக்கு வாத்துகள், சளி பிடித்த மாதிரி.

முதலாளி கத்தவில்லை. எங்கள் பக்கத்து முதலாளிகள் கத்தினால் பயமில்லை, மரியாதையாகப் பேசினால்தான் பயம். ரோஸ்லினை நிற்கவைத்துச் சொன்னார்: "அம்மிணி, சர்வர் சரியாகி, அடுத்த சாம்பிள் சரியாப் போகோணும். மறுக்காவும் மூக்கு மாறுச்சுன்னா நீங்க வேற எடம் பாத்துக்கோங்க. கோவிச்சுக்காதீங்க." அவள் சரிங்க சார் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள். எனக்குத்தான் அன்று சாப்பாடு இறங்கவில்லை. அவள் இல்லாத டிசைன் ரூமை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. இதை அப்போதே அவளிடம் சொன்னேன். "போ பிள்ள, சோத்தைத் தின்னு" என்றாள்.

சர்வரை விற்ற கம்பெனி ஆள் போனில், பிளாக் சைஸை, அதாவது ஒரு தடவைக்கு அனுப்பும் அளவைக் கூட்டு, பெரிய மிஷின் அது, எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கும் என்றான். கூட்டினாள். இன்னும் மோசமானது. அப்புறம் அவள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, மத்தியானம் முழுக்க ஒரே வாத்தைத் திரும்பத் திரும்ப சேவ் செய்யச் சொன்னாள். எனக்குப் பொறுமை போய்விட்டது. என்னதான் பார்க்கிறீங்க என்று சிடுசிடுத்தேன்.

அவள் சொன்னதை இன்றும் அப்படியே சொல்ல முடியும். "ஃபைலு மொத்தமாப் போவாது செல்வி, கட்டுக் கட்டாத்தான் போவும். சர்வர் பெரிய கட்டாக் கேக்கு. ஒம் மிஷின் பழசு. நடுவுல ஒயரெல்லாம் வந்து சேருத டப்பா அதவிடப் பழசு. பெரிய கட்டு வழியில ஒடைஞ்சு, ஒரு துண்டு விழுந்தாலும் மொத்தக் கட்டையும் மறுபடி மொதல்ல இருந்து அனுப்பணும். பெருசாக் குடுத்தா சீக்கிரம் முடியும்னு எல்லாரும் நெனைக்காங்க. வாங்குதவனுக்கும் கொண்டுபோறவனுக்கும் கை எவ்ளோன்னு ஒருத்தரும் கேக்கல."

அவள் கேட்டாள். ஒவ்வொரு மிஷினாக உட்கார்ந்து, எது எந்த அளவுக்குத் தாங்குகிறது என்று பார்த்தாள். பிறகு சர்வரிலும் எங்கள் மிஷின்களிலும் ஒரே அளவாக, சின்னதாக வைத்தாள். பெரிய சர்வரை வாங்கி சின்னதாக ஓட்டுவதா என்று முதலாளிக்கு மனத்தாங்கல். "எல்லாரும் வாங்குத அளவுக்குக் குடுத்தாத்தான் சார் அது பெரிய சர்வர்" என்றாள்.

சர்வர் சரியாகிவிட்டது. நாங்கள்தான் சரியாகவில்லை. சூடு பட்டவர்கள் அல்லவா, ஒருவரும் பென்டிரைவை விடவில்லை. இனிமேல் பென்டிரைவே செருக முடியாமல் அடைத்துவிடலாம் என்று முதலாளி சொன்னதற்கு ரோஸ்லின் ஒத்துக்கொள்ளவில்லை. பயந்துபோன ஆட்களைக் கட்டாயப்படுத்தினால் வேறு வழி தேடுவார்கள், பயம் தெளிய விடுங்கள் என்றாள். மறுபடி தப்பினால் போகப்போவது அவள் வேலை. அப்படியும் அவள் அவசரப்படவில்லை. என்னிடம் மட்டும் வந்து, "நீ ஒருத்தி சர்வர்ல வை. ஒம் மிஷின்ல காப்பி வைக்காத" என்றாள்.

அடுத்த சாம்பிளுக்கான படம் என்னிடம்தான் இருந்தது. மாய்ந்து மாய்ந்து வரைந்த படம், போனால் போனதுதான். சர்வரில் சேவ் கொடுத்தேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் போய்விட்டது, அதனாலேயே சந்தேகமாக இருந்தது. அப்படியும் என் மிஷினில் இருந்ததை அழித்தேன். பழனிச்சாமி அண்ணன் சர்வரைத் திறந்து ஃபிலிம் எடுத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "வந்திருச்சுங்க அம்மிணி, முழுசா" என்றார். சாம்பிள் சரியாகப் போனது. மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். ரோஸ்லின் எங்களோடேயே இருந்தாள். அந்த வருடங்கள் என் வாழ்க்கையின் நல்ல வருடங்கள் என்று இப்போது தெரிகிறது.

ஆர்டர் வற்றிய வருடத்தில் டிசைன் ரூம் கலைந்தது. அவள் சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனாள். ஞாயிறு மத்தியானம் சர்ச் முடிந்து அவள் கூப்பிடுவாள், நான் போனோடு மொட்டைமாடிக்குப் போய்விடுவேன். ஒரு ஞாயிறு, கொஞ்சம் அசதியாக இருக்கிறது என்றாள். பிறகொரு ஞாயிறு, ஏதோ டெஸ்ட் எடுத்தார்கள் என்றாள். அப்புறம் மாத்திரை. அதற்கப்புறம், முடி கொட்டுகிறது, வெயிலுக்கு நல்லதுதான் என்று சிரித்தாள். நான் அழுதுவிட்டேன். உடனே பேச்சை என் மாமியார் பக்கம் திருப்பிவிட்டாள். அடுத்த ஞாயிறு உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் எவ்வளவு தாங்குவேன் என்று பார்த்துப் பார்த்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த வாரம் நானே கூப்பிட்டேன். "ரோஸ்லின், அழுக மாட்டேன்னு சொல்ல மாட்டேனுங்க. அழுதாலும் போனை வெக்க மாட்டேன். மொத்தமாச் சொல்லுங்க" என்றேன். அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு, "கேட்டுக்கோ" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் சொன்னது, அம்மாவிடமும் தம்பியிடமும் சொல்லாதது, எதற்குப் பயப்படுகிறாள் என்பது. அவளுக்கும் பயம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. நான் அழுதேன். போனை வைக்கவில்லை. பிறகு சென்னைக்குப் போய்ப் பார்த்து வந்தேன். ஆனால் அங்கே அறை நிறைய ஆட்கள் இருந்தார்கள். எங்களுக்கென்று வாய்த்தது அந்தப் போன் பேச்சுதான்.

அவள் என்ன சொன்னாள் என்று இங்கே எழுத மாட்டேன், அது உங்களுக்கு இல்லை. நீங்கள் எல்லோரும் அவளுடைய சிரிப்பையும் கெட்டிக்காரத்தனத்தையும் வைத்துக்கொள்ளுங்கள். அவளுடைய பயத்தை நான் வைத்துக்கொள்கிறேன். ஞாயிறு மத்தியானம் ஆனால் இன்னமும் மாடிக்குப் போய்விடுகிறேன். கூப்பிட ஆள் இல்லை என்று தெரிந்தும், அவளுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. நீங்க சொன்னது எல்லாமே முழுசா வந்து சேர்ந்துச்சுங்க, ரோஸ்லின்.